எக்ஸ்ரே மெஷினும் எட்டு வருடப் பயணமும்: சல்காடோ ஏன் ஃபிலிமை விட்டார்?

ரெண்டு படம் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

முதல் படம், அண்டார்டிகா, 2005. கடலில் மிதக்கிற ஒரு பெரிய பனிப்பாறை. அதன் மேல் பாழடைந்த கோட்டையின் கோபுரம் மாதிரி ஒரு பகுதி நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவது படம், அலாஸ்காவின் ப்ரூக்ஸ் மலைத்தொடர், 2009. இரண்டு பக்கமும் கருத்த மலைகள், நடுவில் வளைந்து ஓடும் ஆறு, மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் வெளிச்சம். ரெண்டுமே கருப்பு வெள்ளை. ரெண்டும் ஒரே ஆள் எடுத்தது, ஒரே புத்தகத்தில் இருப்பது.

இதில் ஒன்று ஃபிலிம், இன்னொன்று டிஜிட்டல். நம்ம டீம்ல நாலு பேரிடம் புத்தகத்தைக் காட்டி எது எதுன்னு கேட்டேன். ரெண்டு பேர் தப்பாச் சொன்னாங்க, ஒருத்தர் காசைச் சுண்டிப் பார்த்தார். நானும் தேதியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஆள் செபஸ்தியாவ் சல்காடோ. 1944-ல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். படித்தது பொருளாதாரம், வேலை பார்த்தது லண்டனில் சர்வதேச காபி அமைப்பில். மனைவி லீலியா வாங்கிய கேமராவை எடுத்துச் சுட ஆரம்பித்தவர், 1973-ல் நல்ல வேலையை விட்டுவிட்டு முழுநேர போட்டோகிராஃபர் ஆனார். (வீட்டில் என்ன சொல்லியிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா என்ன.) சுரங்கத் தொழிலாளர்கள், பஞ்சம், அகதிகள் என்று இருபது வருஷத்துக்கு மேல் மனிதர்களைத்தான் எடுத்தார்.

1994-ல் ருவாண்டா இனப்படுகொலையைப் பதிவு செய்தது அவரை உடைத்துப் போட்டது. உடம்பும் மனசும் படுத்துவிட்டன; கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பினால், சின்ன வயதில் காடாகப் பார்த்த அப்பாவின் பண்ணை மொட்டையாகக் கிடந்தது. காட்டைத் திரும்ப நடலாம் என்று சொன்னவர் லீலியா. 1998-ல் இன்ஸ்டிட்யூட்டோ தெர்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே லட்சக்கணக்கில் மரங்கள் நிற்கின்றன. மரம் வளர்வதைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் திரும்பப் படம் எடுக்கும் ஆசை வந்தது. இந்த முறை மனிதன் இன்னும் கெடுக்காத நிலங்களை எடுக்கலாம் என்று. அந்தத் திட்டத்தின் பெயர் ஜெனசிஸ். தொடங்கும்போது அவருக்கு வயது அறுபது.

2004-ல் முதலில் போனது காலபகோஸ் தீவுகள். ஒரு ராட்சத ஆமையை நெருங்கப் போனால் அது விலகி விலகிப் போனது. கடைசியில் இவரும் கையை ஊன்றி, முட்டி போட்டுத் தவழ்ந்திருக்கிறார். ஆமை நின்றதாம். இப்படி வேலை செய்பவர் எத்தனை படம் எடுப்பார், எத்தனை ரோல் செலவாகும் என்று யோசிச்சுப் பாருங்க.

அதுவரை அவர் பயன்படுத்தியது சின்ன 35 எம்எம் லைக்கா. நிலப்பரப்பைப் பெரிய அளவில் பிரின்ட் போட அது போதாது என்று, ஜெனசிஸுக்காக மீடியம் ஃபார்மட்டுக்கு மாறினார்: பென்டாக்ஸ் 645. நெகட்டிவ் இரண்டரை மடங்குக்கும் பெரியது. ஆனால் ஒரு ரோலில் முப்பது சொச்சம் படம்தான். ஆக, மாசக்கணக்கில் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் நூற்றுக்கணக்கான ரோல்கள். ஃபிலிம் மட்டுமே கிலோக்கணக்கில் எடை.

எடையைக்கூடத் தூக்கிவிடலாம். தூக்க முடியாதது ஏர்போர்ட்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு உலகம் முழுக்க விமான நிலையச் சோதனை இறுகியது. ஃபிலிம் என்பது வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் ரசாயனப் பூச்சு. எக்ஸ்ரேவும் அதற்கு ஒரு வகை வெளிச்சம்தான். ஒரு தடவை மெஷினுக்குள் போனால் பெரிதாகத் தெரியாது. ஆனால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். பாரிஸில் ஒரு தடவை, வழியில் ஒரு தடவை, திரும்பி வரும்போது மறுபடி. ஆழமான கருப்பு சாம்பல் ஆகும், நிழலுக்குள் இருக்கும் நுணுக்கம் கலங்கும். கருப்பிலிருந்து வெள்ளை வரை உள்ள படிநிலைகள்தான் சல்காடோ படத்தின் உயிர். இதில் கொடுமை, வீட்டுக்கு வந்து ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் சேதம் தெரியும். ஆமை மறுபடி நிற்காது, பனிப்பாறை கரைந்திருக்கும்.

எனக்கும் இது சின்ன அளவில் நடந்தது. ஒரு ஏர்போர்ட்டில் கையால் செக் பண்ணுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், தட்டில் போடுங்கன்னுட்டாங்க. ஒரு ரோல் போனதுக்கே ஒரு வாரம் புலம்பினேன். இந்த மனுஷன் திட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தார்.

2008-ல் டிஜிட்டலைச் சோதித்துப் பார்த்தார். 21 மெகாபிக்சல் கேனான். தரம் தனக்குத் திருப்தி என்றதும் மாறிவிட்டார். கிலோக்கணக்கான ஃபிலிம் போய், ஒரு சின்னப் பையில் மெமரி கார்டுகள். அந்த வருஷமே எத்தியோப்பியாவின் மலைகளில், கழுதைகள் மேல் மூட்டை ஏற்றி, சுமார் 850 கிலோமீட்டர் நடந்தார்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கேமரா மாறியது, ஆள் மாறவில்லை. டிஜிட்டல் கேமராவின் சட்டகம் நீளவாக்கில் கூடுதல் அகலம். அவர் கண் பழகியது 645-ன் வடிவத்துக்கு. அதனால் வியூஃபைண்டரில் அந்த அளவுக்கு மறைப்பு வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் திரையில் படம் தேர்வு செய்ய அவர் பழகவே இல்லை. பாரிஸில் உதவியாளர்கள் டிஜிட்டல் படங்களை எல்லாம் கான்டாக்ட் ஷீட்டாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அவர் பழையபடி லூப்பை கண்ணில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பார். தேர்வான படத்தில் சாஃப்ட்வேர் வழியாக டிரை-எக்ஸ் ஃபிலிமின் கிரெயின் சேர்க்கப்படும். அதை மறுபடி ஒரு பெரிய ஃபிலிம் நெகட்டிவாக மாற்றுவார்கள். அதிலிருந்து இருட்டறையில், வெள்ளி உப்பு பூசிய தாளில் பிரின்ட்.

ஃபிலிமிலிருந்து தப்பித்து டிஜிட்டலுக்குப் போய், சுற்றி வந்து ஃபிலிமுக்கே.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். நாம போன்ல கிரெயின் ஃபில்டர் போடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நான் இப்படிப் பார்க்கிறேன்: பாதிப் பயணம் ஏற்கெனவே ஃபிலிமில் முடிந்திருந்தது. மீதிப் பாதி வேறு மாதிரி தெரிந்தால், பார்ப்பவர் மலையைப் பார்க்காமல் கேமராவைப் பார்ப்பார். கிரெயின் அவருக்கு அலங்காரம் இல்லை, தையல். ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல் எனக்கு இருக்கு. 2004-ன் கிரெயின் அந்த நிமிஷத்தின் வெளிச்சத்தில் பிறந்தது, 2009-ன் கிரெயின் பாரிஸில் பிறந்தது. அது முக்கியமா, இல்லையா? வாரத்துக்கு ஒரு தடவை என் பதில் மாறுது.

ஜெனசிஸ் 2013-ல் புத்தகமாக வந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியில் ஃபிலிம் படங்களும் டிஜிட்டல் படங்களும் கலந்தே தொங்கின. 2025 மே மாதம், 81 வயதில், பாரிஸில் சல்காடோ காலமானார்.

சரி, அந்த ரெண்டு படம். பனிப்பாறை ஃபிலிம், அலாஸ்கா டிஜிட்டல். நீங்க எப்படிச் சொன்னீங்க?