களஆய்வு நாவலும் வரலாற்றுச் சான்றும்: ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’

முன்னுரை

சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த குழந்தைகளைப் பற்றியது ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவல். சிவகாசி, சாத்தூர்ப் பகுதியின் தொழில் வரலாற்றை எழுதுவோர் இதனைச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளின் எந்த எல்லைக்குள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏட்டில் ஏறாத உழைப்பு

1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். மழையை நம்பிய கரிசல் நிலமும் வறண்ட காற்றும் அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவ இடந்தந்தன. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற கைவேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி வழங்கப்பட்டது. வீட்டில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டிய பெட்டிகளுக்குக் கணக்கு ஒன்றே. அதில் குழந்தையின் உழைப்பைப் பிரித்தறிய வழியில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயது நிறையாதோரை அமர்த்தத் தடை விதித்தது. ஆயினும் குடும்பத்தார் துணையுடன் நடத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலையளிப்பவர் செலுத்த வேண்டும் என 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. இவை ஆலையை நோக்கியவை. வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை இவற்றின் பார்வைக்கு எளிதில் எட்டவில்லை. கூலி ஏடும் சட்டமும் காணத் தவறிய இவ்விடத்தில்தான் நாவலின் தேவை எழுகிறது.

ஓர் ஒப்பீடு

போருக்குப் பிந்தைய ஸ்பானிய நாவல்களைப் பயில்வோரும் இதனையொத்த சிக்கலைச் சந்திக்கின்றனர். ராஜம் கிருஷ்ணனைப் போலவே 1925இல் பிறந்து 2014இல் மறைந்தவர் அனா மரியா மத்துதே. உள்நாட்டுப் போரில் சிக்கிய இளையோரை அவர் எழுதிய ‘லுசியேர்னகாஸ்’ நாவலைத் தணிக்கை தடுத்தது. 1955இல் மாற்றப்பட்ட வடிவமே வேறு பெயரில் வெளிவந்தது. முழுவடிவம் வெளிவர 1993 ஆயிற்று. எனவே அங்கு ஆய்வாளர் பிரதியின் மௌனங்களைப் படிக்க வேண்டியுள்ளது. இங்கு மௌனம் ஆவணத்தில் உள்ளது. பிரதி அதனை உடைக்க முயல்கிறது.

சான்றின் எல்லை

முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், உழைப்போரிடையே சென்று கண்டும் கேட்டும் எழுதும் முறையைக் கைக்கொண்டவர். ஆயினும் கரிசலுக்கு அவர் வெளியாள், சீர்திருத்த நோக்குடையவர். குழந்தைகளின் குரல் அந்நோக்கின் வழியே வடிந்து நம்மை அடைகிறது. ஆகவே வேலைமுறை, அன்றாட வாழ்வு ஆகியவற்றுக்கு நாவலைச் சான்றாகக் கொள்ளலாம். எண்ணிக்கைக்கோ கூலி விகிதத்திற்கோ பிற ஆவணங்களின் துணையின்றிக் கொள்ளலாகாது. அவ்வட்டாரத்தவரான மேலாண்மை பொன்னுச்சாமியின் கதைகளுடன் இணைத்துப் படிப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

முடிவுரை

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் பிரதி எளிதில் கிடைக்கிறது. 1980களில் தீப்பெட்டி ஒட்டிய சிறார் இன்று ஐம்பது வயதை ஒட்டியோ கடந்தோ உள்ளனர். நாவலை அவர்களிடம் கொண்டு சென்று வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதே அடுத்த பணி. அது தாழ்ந்தால், வெளியாள் எழுதிய சான்று மட்டுமே எஞ்சும்.