சேம அச்சும் சக்திமான் லாரியும்

வேதாரண்யத்தில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். ராணுவத்தால் கழிக்கப்பட்டு, பல கைகள் மாறி, இன்று ஒரு பட்டறைக் கொல்லையில் நிற்கும் சக்திமான் லாரியை வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறார். அவருடைய தந்தையார் ராணுவத்தில் அவ்வகை வண்டியை ஓட்டியவர். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை இதற்கென எடுத்து வைத்திருக்கிறார். வீட்டாருக்கு உடன்பாடில்லை. "வரலாறு படித்தவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். எந்திர நுட்பம் நாம் அறியாதது. எனவே வரலாற்றையே கேட்டுப் பார்த்தோம்.

கழித்த ராணுவ வண்டியை வாங்குவது இந்நாட்டில் புதிய வழக்கமன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படை இங்கே விட்டுச்சென்ற தளவாடங்கள் 1946 மே 16இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இந்திய அரசின் கைக்கு வந்தன. லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. ஜி.எம்.சி.யின் இரண்டரை டன் ஆறு சக்கர லாரி மட்டும் போர்க்காலத்தில் 5 இலட்சத்துக்கும் மேல் உருவாக்கப்பட்டிருந்தது. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்னும் தொடர் தமிழ்ப் பேச்சில் குடியேறியது இவ்வாறுதான்.

அன்று ஏலம் எடுத்தவரின் கணக்கு எளியது. தொழிற்சாலைகள் போருக்கே உழைத்தமையால் புது லாரி கிடைப்பது அரிது. ராணுவ லாரியோ பெட்ரோலை மிகுதியாகக் குடிப்பது. பெட்ரோலுக்கு 1941 முதல் பங்கீடு நடந்த காலம் அது. அமெரிக்க வண்டியென்றால் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். இத்தனை குறைகள் இருந்தும் வண்டி ஓடினால் கூலி வந்தது. கூலி வந்தால் பழுது பார்க்க முடிந்தது. வண்டி தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது.

நண்பர் விரும்பும் வண்டி ஈட்டப்போவதில்லை. ஆகவே அவருடைய கணக்கில் வரவுப் பத்தி வெறுமையாகவே இருக்கும்.

சக்திமான், ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தின்கீழ் 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்டது. 1996இல் உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்தவற்றுள் நம் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் ஒன்று. ஆகவே உதிரிபாகத்துக்குக் காயலான் கடைகளையே நாட வேண்டும்; கிடைக்காததைக் கடைசலில் செய்து வாங்க வேண்டும். வாங்கும் விலை தொடக்கச் செலவு மட்டுமே. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், டயர் என ஒவ்வொன்றும் பின்னால் வரிசையில் நிற்கும்.

வேதாரண்யத்தில் இன்னொரு செலவும் உண்டு. 1930 ஏப்ரல் 30இல் ராஜாஜி உப்பள்ளிய மண் இது. இன்றும் உப்பளங்களே இவ்வூரின் முகம். உப்புக் காற்று ஈரத்தை ஈர்த்து இரும்பின் மேல் அமர்த்துகிறது. துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருப்பது. இரு தகடுகள் சேரும் இடத்தில் நுழைந்து அவற்றைப் பிளந்துவிடும். மேலே பெயின்ட் பளபளக்க, அடிச்சட்டம் உள்ளே உளுத்திருக்கும். உப்பு ஏற்றும் லாரிக்காரர்களைக் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். இங்கே சீரமைப்பு ஒருமுறைச் செலவன்று, ஆண்டுதோறும் கட்டும் வரி.

காகிதச் செலவும் உண்டு. ராணுவ எண்ணோடு ஓடிய வண்டி பொதுச் சாலைக்கு வர, ஏல விற்பனைச் சான்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு பெற வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கென 2021இல் நடுவணரசு தனி விதி வகுத்தது. புதுப் பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம். ஆனால் அது இருசக்கர வண்டிகளையும் பயணியர் நாற்சக்கர வண்டிகளையும் கருதியது. சுமை லாரிக்கு அந்த நிழல் இல்லை.

இவற்றை எழுதிக்கொண்டிருந்தபோது புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் அதில் காட்டுகிறார். அதன் பெயர் சேம அச்சு. உடையும் என்பதை ஒப்புக்கொண்டு புறப்படுவதே உமணர் கண்ட அறிவு. அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக நின்ற அவ்வச்சு, நண்பருக்கும் பொருந்தும்.

அவருக்கு நாம் சொன்னது இவ்வளவே. முதலில் சான்றைப் பாருங்கள்; பிறகு அடிச்சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள்; பெயின்ட்டை நம்பாதீர்கள். வாங்கும் விலைக்கு நிகரான தொகையேனும் சேம அச்சாகத் தனியே இருக்கட்டும். அது வீட்டுச் செலவிலிருந்து வருவதாயின் வேண்டாம்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பிடித்த ஸ்டீயரிங் போல ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அந்த விருப்பத்துக்கு முழு லாரி தேவையா என்பது அவர் இனி வீட்டாரோடு அமர்ந்து போட வேண்டிய கணக்கு.