பெயரை இழந்த எழுத்து: டோல்டன் ட்றம்போவும் ஹொலிவூட் கலையக முறையும்

திரைப்படம் பலர் கூடி ஆக்கும் கலை. எனினும், அதன் வரலாற்றை எழுதுவோர் நடிகரையும் நெறியாளரையும் முதன்மைப்படுத்துவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. கதையையும் உரையாடலையும் ஆக்கிய எழுத்தாளரின் பெயர் திரையில் இடம்பெறுவதும் விடுபடுவதும் சிறு விடயங்களாகவே கருதப்படுகின்றன. ஆயின், ஒரு காலகட்டத்தில் அமெரிக்காவில் அந்தப் பெயரே அரசியற் போராட்டத்தின் களமாயிற்று. திரைக்கதை ஆசிரியர் டோல்டன் ட்றம்போவின் (1905–1976) வாழ்க்கை இவ்வுண்மையைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

அவர் தொழில் செய்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1930களில் எம்.ஜி.எம்., வோர்ணர், பரமவுண்ட் முதலான பெரு நிறுவனங்கள் படத்தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு ஆகிய மூன்றையும் தம் ஆதிக்கத்துள் வைத்திருந்தன. எழுத்தாளர் வாரச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஊழியரே. ஒருவர் எழுதிய பிரதியை மற்றொருவரும், அவரை அடுத்து வேறொருவரும் திருத்துவர். எழுதப்பட்டவை யாவும் நிறுவனத்தின் சொத்தாகும். திரையில் எவர் பெயரைக் காட்டுவது என்பதையும் நிறுவனமே தீர்மானித்தது. இதனை எதிர்த்தே 1933இல் திரை எழுத்தாளர் சங்கம் புத்துயிர் பெற்றது. நிறுவனங்களுடன் அது ஒப்பந்தம் செய்துகொள்ள 1940களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெயருக்கான உரிமை, கூலிக்கான உரிமையைப் போன்றே, போராடிப் பெறப்பட்டதொன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொலராடோ மாநிலத்திலுள்ள மொன்ட்றோஸில் பிறந்த ட்றம்போ, தந்தையின் மறைவின் பின்னர் குடும்பச் சுமையைத் தாங்கி, லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள வெதுப்பகமொன்றில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். 1934இல் வோர்ணர் நிறுவனத்தில் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் பணியில் சேர்ந்து, அடுத்த ஆண்டில் திரைக்கதை ஆசிரியரானார். 1939இல் வெளிவந்த ‘ஜொனி கொட் ஹிஸ் கன்’ என்ற நாவல், முதலாம் உலகப் போரில் கை கால்களையும் முகத்தையும் இழந்த ஒரு போர்வீரனின் சிந்தையைச் சித்திரித்தது. 1940இல் வெளிவந்த ‘கிற்றி ஃபொயில்’ படத்தின் திரைக்கதைக்காக அவர் பெயர் ஓஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. போரை வெறுத்து நாவல் எழுதிய அவரே 1944இல் ‘தேர்ட்டி செக்கன்ஸ் ஓவர் டோக்கியோ’ என்ற போர்ப்படத்துக்கும் எழுதினார். பாசிச எதிர்ப்பு அவரது நிலைப்பாட்டை மாற்றியிருந்தது. 1943இல் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். எம்.ஜி.எம். நிறுவனத்தில் பிரதியொன்றுக்கு 75,000 டொலர் பெறும் நிலையை அடைந்தபோது, ஹொலிவூட்டில் மிகக் கூடிய ஊதியம் பெறும் எழுத்தாளருள் ஒருவராக விளங்கினார்.

1947 ஒக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு திரைத்துறையினரை வாஷிங்டனுக்கு அழைத்தது. கட்சி உறுப்பினரா, சங்க உறுப்பினரா என்ற வினாக்களுக்கு நேரடியாக விடையளிக்க மறுத்த பத்துப் பேருள் ட்றம்போவும் ஒருவர். கருத்துச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியல் யாப்பின் முதலாந் திருத்தத்தையே அவர்கள் அரணாகக் கொண்டனர். நவம்பரில் சபை அவர்கள்மீது அவமதிப்புக் குற்றஞ் சாட்டியது. படநிறுவன அதிபர்கள் நியூ யோர்க்கிற் கூடி, அப்பத்துப் பேருக்கும் வேலையில்லை என அறிவித்தனர். 1950இல் ட்றம்போ கென்டக்கி மாநிலத்து அஷ்லண்ட் சிறைக்குச் சென்று ஏறத்தாழப் பத்து மாதங்களைக் கழித்தார். அவர்களை விசாரித்த குழுவின் தலைவர் பார்னெல் தோமஸும் இதற்கிடையில் அரசாங்கப் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டிருந்தார்.

தடை இரு முகங்கொண்டது. ட்றம்போவின் பெயரைத் தீண்ட அஞ்சிய அதே தொழில் அவரது எழுத்தை மலிவாக வாங்கிக்கொண்டது. கிங் சகோதரர் தயாரித்த ‘கன் கிறேசி’ (1950) படத்துக்கு அவர் பெற்றது 3,750 டொலர் மட்டுமே. திரையில் வேறொருவர் பெயர் தோன்றியது. 1951இன் இறுதியில் குடும்பத்துடன் மெக்சிக்கோ சென்று, 1954இல் திரும்பி வந்தார். ‘றோமன் ஹொலிடே’ (1953) படக்கதைக்கான ஓஸ்கார் விருது, அவருக்குப் பெயரை இரவல் கொடுத்த நண்பர் இயன் மக்லெலன் ஹண்டருக்குக் கிடைத்தது. 1957 மார்ச்சில் ‘த பிறேவ் வண்’ படக்கதைக்காக றொபேட் றிச் என்பவருக்கு அதே விருது அறிவிக்கப்பட்டபோது அதனைப் பெற அவர் வரவில்லை. அப்படி ஓர் எழுத்தாளர் இருக்கவில்லை. அது ட்றம்போவின் புனைபெயர்.

இத்தகைய மறைப்பின் சுவடு இலங்கை மண்ணிலும் உண்டு. கித்துல்கலவில் களனி கங்கைக் கரையிற் படமாக்கப்பட்ட ‘த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ (1957) படத்தின் திரைக்கதையை எழுதியோர் தடைப்பட்டியலில் இருந்த கார்ல் ஃபோமனும் மைக்கேல் வில்சனுமாவர். திரையிலும் விருது மேடையிலும் இடம்பெற்றது, பிரெஞ்சில் மூல நாவலை எழுதிய பியர் பூலின் பெயரே. இத்தவறு 1984இலேயே திருத்தப்பட்டது.

1959 ஜனவரியில், றொபேட் றிச் தாமே என்பதை ட்றம்போ பகிரங்கப்படுத்தினார். மறு ஆண்டு ஜனவரியில் ஒட்டோ பிறெமிங்கர் ‘எக்சோடஸ்’ படத்தை எழுதுபவர் ட்றம்போ என அறிவித்தார். 1960 ஒக்டோபரில், கேர்க் டக்ளஸின் நிறுவனம் தயாரித்த ‘ஸ்பார்ட்டகஸ்’ அவர் பெயருடன் திரைக்கு வந்தது. இம்மாற்றத்தைத் தனிமனிதரின் துணிவுக்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. திரையரங்குகளை நிறுவனங்களிடமிருந்து பிரிக்க வழிவகுத்த 1948ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பும், தொலைக்காட்சியின் வளர்ச்சியும் பழைய கலையக முறையைத் தளர்த்தியிருந்தன. பிறெமிங்கர், டக்ளஸ் போன்ற சுயாதீனத் தயாரிப்பாளர் எழுந்தமை அத்தளர்ச்சியின் விளைவே. கலையகங்கள் ஒருமித்து நின்றவரை நிலைத்த தடை, அவ்வொருமை குலைந்தபோது தகர்ந்தது.

ட்றம்போவின் வெற்றியை அனைவரதும் வெற்றியாகக் கொள்ளவும் இயலாது. எழுத்தாளன் இரவற் பெயரில் எழுதலாம். நடிகன் இரவல் முகத்துடன் நடிக்க முடியாது. தொழிலிழந்த பலர் மீளவே இல்லை. 1970இல் எழுத்தாளர் சங்கத்தின் விருதை ஏற்றுப் பேசிய ட்றம்போ, அக்காலத்தில் வீரரையும் கயவரையும் தேடுதல் வீண், அனைவரும் பலியானவர்களே என்ற கருத்தை முன்வைத்தார். உடன் சிறைசென்ற அல்பேட் மோல்ட்ஸ் அதனை வன்மையாக மறுத்தார். நண்பரைக் காட்டிக்கொடுத்தவனையும் காட்டிக்கொடுக்க மறுத்தவனையும் ஒரே நிரலில் நிறுத்தலாமா என்பதே அவ்விவாதத்தின் சாரம். மன்னிப்பு மனித உறவுகளுக்கு வேண்டியதாகலாம். பொறுப்பை வேறுபடுத்திக் காட்டும் கடமையிலிருந்து வரலாற்றாசிரியனை அது விடுவிப்பதில்லை.

1975இல் ‘த பிறேவ் வண்’ விருது ட்றம்போவின் கைக்கு வந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் அவர் காலமானார். ‘றோமன் ஹொலிடே’ விருது 1993இல் அவரது மனைவியிடம் வழங்கப்பட்டது. அப்படத்தின் எழுத்தாளராக அவர் பெயரைச் சங்கம் 2011இல் மீட்டளித்தது. படம் வெளிவந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை ஆண்டுகளும் மக்கள் அப்படத்தைப் பார்த்து மகிழ்ந்தே வந்தனர். எழுத்தை நுகரும் சமூகம் எழுதியவனின் பெயரை மறந்திருப்பது எத்துணை எளிது என்பதை இவ்விடைவெளி உணர்த்துகின்றது.