வைகறை இருளும் வேட்டுவன் விழியும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் சிறுபொழுது பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். யாமம் குறிஞ்சிக்கு உரியது, வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியன என்று தொல்காப்பியர் வகுத்த முறையைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "இருட்டில் ஒன்றுமே தெரியாதே அம்மா, குறிஞ்சி பாடிய புலவர் யானையையும் புலியையும் எப்படிக் கண்டார்?" என்று கேட்டாள். கண்டவன் வேட்டுவனாக இருக்கலாம், கேட்டுப் பாடியவர் புலவராக இருக்கலாம் என்று விடையிறுத்தேன். வகுப்பு அதனை ஏற்றுக்கொண்டது. என் மனம் ஏற்கவில்லை. இருளில் காண்பது என்பது என்ன, அக்காட்சி யாருக்கு உரிமையானது என்னும் வினாக்கள் என்னை விடவில்லை. அவற்றைத் தொடர்ந்து சென்றபோது நான் போய்ச் சேர்ந்த இடம் இலக்கியமன்று; ஒளிப்படக் கலையின் வரலாறு. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் அவ்வரலாற்றின் ஒரு பகுதியைப் பதிவு செய்ய விழைகிறேன்.

தகடு காணாத விடியல்

மனிதக் கண் இருளுக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். பழகிய பின்னர் விண்மீன் ஒளியிலும் அது வழி காணும். மான், புலி, காட்டுப்பூனை முதலிய விலங்குகளுக்கோ விழித்திரையின் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே புகுந்த ஒளியை அது திருப்பி அனுப்பி, மங்கிய வெளிச்சத்தை இருமுறை பயன்கொள்ளச் செய்கிறது. விளக்கொளி பட்டவுடன் அவ்விலங்குகளின் கண்கள் தணல்போல் ஒளிர்வது இதனால்தான்.

இத்தகைய திறன் எதுவும் தொடக்க கால ஒளிப்படத் தகட்டுக்கு இல்லை. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வகுத்த ஈரத்தகட்டு முறையில், தகட்டின் பூச்சு உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள்ளேயே அதனைக் கழுவியும் ஆக வேண்டும். இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து செல்பவனுக்கு மானும் நில்லாது, புலியும் நில்லாது. 1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டை அறிமுகப்படுத்திய பின்னரே காட்டுக்குள் கருவியைக் கொண்டு செல்லும் வாய்ப்பு ஏற்பட்டது.

அப்போதும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு இருளே. சாயங்களைச் சேர்த்து இக்குறையை நீக்கலாம் என்பதை 1873இல் ஹெர்மன் வோகல் கண்டறிந்தார். ஆயினும் எல்லா நிறங்களையும் உணரும் தகடு சந்தைக்கு வந்தது 1906இல்தான். கிழக்கு சிவக்கும் வேளையைப் பாடாத புலவர் இலர். அந்தச் செம்மை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகட்டில் கருமையாகவே படிந்தது.

ஆகவே விடியலுக்கு முந்திய காட்டைப் படம்பிடிக்க விரும்பியவர்கள், தாமே ஒளியைக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, நொடிப்பொழுதில் எரிந்து வெள்ளொளி உமிழும் ஒளித்தூளை உருவாக்கினர். அது பேரொளியும் பெரும்புகையும் எழுப்பியது. கையாள்பவரையே சுட்டுவிடும் தன்மையும் அதற்கு உண்டு. போட்டோகிராபுக்குத் தமிழில் நிழற்படம், ஒளிப்படம், புகைப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. எது சரியான சொல் என்று நாம் வாதிடுவதுண்டு. ஒளித்தூள் கொண்டு எடுத்த படத்துக்கு மூன்றுமே பொருந்தும்.

அந்தத் தூள் முதலில் ஒளியூட்டியது காட்டை அன்று என்பதும் நோக்கத்தக்கது. நியூயார்க் நகரத்தின் இருண்ட குடியிருப்புகளில் நள்ளிரவில் நுழைந்து, நெருக்கியடித்து உறங்கிய ஏழைகளை ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் அதன் உதவியால் படமெடுத்தார். 1890இல் வெளிவந்த அவரது நூல் நகரின் மனச்சான்றை உலுக்கியது. நன்மை விளைந்தது உண்மையே. எனினும் திடுக்கிட்டு விழித்த அந்த மனிதர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை.

ஏரியில் ஒரு படகு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியைச் சூழ்ந்த நிலத்தில் வாழும் ஓஜிப்வே மக்களிடம் ஒரு வேட்டை முறை இருந்தது. படகின் முகப்பில் ஒரு தட்டில் தீயை மூட்டி, பின்னால் ஒருவர் ஓசையின்றித் துடுப்பு வலிப்பார். நீர் அருந்த வந்த மான் அந்த ஒளியைக் கண்டு மருண்டு அசையாமல் நிற்கும். இருளில் இரண்டு ஒளிப்புள்ளிகள் தோன்றும். வேட்டுவன் அவற்றைக் குறிவைப்பான்.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் (1859–1942) இளமையில் மிச்சிகன் மாநிலத்தின் காடுகளில் இம்முறையில் மான் வேட்டையாடியவர். பின்னர்த் துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக் கருவியை ஏந்தினார். வேட்டை முறையை மட்டும் விடவில்லை. மார்க்வெட் நகரை அடுத்த ஒயிட்பிஷ் ஏரியில் படகின் முகப்பில் விளக்கையும் கருவிகளையும் பொருத்தினார். ஒளிரும் கண்களை நோக்கிப் படகு ஓசையின்றி நெருங்கும். தகுந்த தொலைவு வந்ததும் ஒளித்தூள் வெடிக்கும். ஒரு கணம் கரையும் மரமும் மானும் பகலாகி, மறுகணம் முன்னினும் கனத்த இருள் சூழும். 1893இல் எடுத்த படம் ஒன்றில் ஷைராஸ் படகின் முன்புறமும், அவருடைய வழிகாட்டி ஜான் ஹேமர் துடுப்புடன் பின்புறமும் அமர்ந்திருக்கின்றனர். விலங்கைப் படமெடுத்தவர்கள் தம்மையும் வேட்டுவர் கோலத்திலேயே பதிவு செய்துகொண்டனர் என்பதற்கு அப்படமே சான்று.

அவர் இன்னொரு வழியும் கண்டார். இரையுடன் இணைத்த கயிற்றை விலங்கு இழுத்தால், அதுவே ஒளியையும் கருவியையும் இயக்கும். மனிதன் உறங்க, விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! 1900ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் அவருடைய இரவுப் படங்கள் பரிசு பெற்றன. 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் அவருடைய படங்களுள் 74ஐ ஒரே இதழில் வெளியிட்டது. ஆய்விதழ் படப்புத்தகமாக மாறுகிறது என்று வருந்தி ஆட்சிக் குழுவினர் இருவர் விலகினர் எனக் கூறுவர். ஷைராஸ் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினராக இருந்தபோது, 1904இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். அக்கருத்து 1913இலும் 1918இலும் சட்ட வடிவம் பெற்றது. வேட்டையில் பிறந்த பார்வை வேட்டைக்கு எல்லை வகுத்தது இவ்வாறு.

ஆனால் இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் ஓர் உறுத்தல் எழுகிறது. இருளில் கண்ணைத் தேடும் கலை ஓஜிப்வே வேட்டுவருடையது. கருவியும் தூளும் வேறிடத்தில் தோன்றியவை. இரண்டும் கூடியதால் படம் பிறந்தது. படத்தின் கீழ் எழுதப்பட்டதோ ஒரே பெயர்.

கம்பியை மிதித்த புலி

இந்தியாவில் இக்கலையை வளர்த்தவர் எப். டபிள்யூ. சாம்பியன் (1893–1970). ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாகப் பணியாற்றிய இவர் முதல் உலகப் போரில் பங்கேற்றவர். உயிர்களைச் சுடுவதில் விருப்பமற்றவர். சிவாலிக் மலையடிவாரத்தில் புலி நடக்கும் தடங்களை ஆராய்ந்து, அவற்றின் குறுக்கே கம்பி கட்டினார். புலி கம்பியில் பட்டதும் ஒளி எழுந்து படம் பதிவாயிற்று. 1925இல் இப்படங்கள் இலண்டன் இதழொன்றில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1927இல் அவருடைய முதல் நூல் வந்தது. குமாவுன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட், கருவியை ஏந்துவதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் சாம்பியனே.

சாம்பியன் தம் படங்களிலிருந்து அரியதோர் உண்மையையும் உணர்ந்தார். எந்த இரு புலிகளுக்கும் கோடுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம். ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து, உல்லாஸ் கரந்த் நாகரகொளைக் காட்டில் புலிகளைக் கணக்கிடும் அறிவியல் முறையை அமைத்தபோது இவ்வுண்மையே அதற்கு அடிப்படையாயிற்று.

மாதவையாவின் மகனார்

இவ்வரிசையில் தமிழர் ஒருவரை நாம் மறத்தலாகாது. 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் இளைய மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) ஷைராசைப்போல் செல்வரல்லர், சாம்பியனைப்போல் அதிகாரியுமல்லர். எழுத்தையும் படத்தையும் நம்பிச் சென்னையில் வாழ்ந்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பருத்த கேமராவைச் சுமந்து காடு காடாக அலைந்தார். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1950 முதல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருக்குப் படம் என்பது வேட்டைப் பொருளன்று. விலங்கின் நடத்தையைக் குறித்த ஆவணம். ஆவணத்துக்கு வேண்டியது பொறுமை. நம் நாட்டில் கதிரவன் எழுமுன் உருவங்கள் தெளியும் வேளை 20 நிமிடங்களைச் சற்றே தாண்டும். சுப்பீரியர் ஏரிக் கரையில் அது அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். அந்தச் சிறு வேளைக்காக இரவெல்லாம் காத்திருப்பவன், விலங்கு வாராத நாளிலும் எதையோ கண்டுதான் திரும்புகிறான். கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாட்டு நின்ற காடு

இன்று ஒளித்தூளும் இல்லை, தகடும் இல்லை. மின்னணுக் கருவிகள் விண்மீன் ஒளியிலும் காண்கின்றன. காட்டில் மரந்தோறும் கட்டப்படும் தானியங்கிக் கேமராக்கள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியால் படமெடுக்கின்றன. 2018ஆம் ஆண்டின் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. கள்ள வேட்டையாடுவோரைப் பிடிக்கவும் இக்கருவிகள் துணைபுரிகின்றன. புலிகளின் எண்ணிக்கை உயர்ந்திருப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு; அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் மீதிப் படங்களில் இருப்பவர் யாவர்? 2024இல் வெளியான ஆய்வொன்று இவ்வினாவை எழுப்பியது. சாம்பியனும் கார்பெட்டும் நடமாடிய அதே நிலப்பகுதியில், கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் நிகழ்ந்த ஆய்வு அது. அவ்வூர்ப் பெண்கள் விறகும் புல்லும் சேர்க்கக் காட்டுக்குள் செல்பவர்கள். ஊரில் வாய்விட்டுப் பேச இயலாதவற்றை அங்கே பேசுவர், உரக்கப் பாடுவர். அப்பாட்டு அவர்களுக்கு இளைப்பாறுதல். யானைக்கும் புலிக்கும் தம் வரவை உணர்த்தும் காப்பும் அதுவே. மரத்தில் கேமரா இருப்பதை அறிந்த பின் அவர்கள் குரல் தாழ்ந்தது, பாட்டுக் குறைந்தது. ஓசையின்றிச் செல்பவர், எதிர்பாராமல் விலங்கின் முன் போய் நிற்கும் இடர் மிகுந்தது.

இதைப் படித்த அன்று நெடுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஓஜிப்வே வேட்டுவனின் தீத்தட்டில் தொடங்கிய ஒரு பார்வை, துப்பாக்கியை அகற்றியது, சட்டம் இயற்றச் செய்தது, புலியைக் காத்தது. இறுதியில் காட்டுக்குள் பாடிய பெண்ணின் வாயை அடைத்தது. குற்றம் கருவியினுடையதன்று. காண்பவன் எங்கோ இருக்க, காணப்படுபவள் இசைவு கேட்கப்படாமல் நடந்து செல்லும் அந்த ஏற்பாட்டினுடையது. ரீசின் ஒளித்தூளில் திடுக்கிட்டு விழித்த ஏழைக்கு நேர்ந்ததும் இதுவே.

அந்த மாணவி இன்று என் முன் வந்து அதே வினாவைத் தொடுத்தால் வேறு விடை கூறுவேன். இருளில் விலங்கைக் கண்டவர்கள் அவ்விருளுக்குள் தாமும் இருந்தவர்கள். விலங்கு அவர்களைக் கண்டது. அவர்களும் விலங்கைக் கண்டார்கள். யாமத்தை ஒரு திணைக்கும் வைகறையை மற்றொரு திணைக்கும் உரிமையாக்கிய நம் முன்னோர், அப்பொழுதுகளில் வாழும் மாந்தரையும் விலங்கையும் சேர்த்தே கருப்பொருள் என்றனர். மாந்தரை நீக்கிவிட்டு நிலத்தை வரையவில்லை. நம் வட்டத்துக் கவிஞர்கள் இனி வைகறையைப் பாடும்போது, விறகுக்கட்டுடன் குரல் தாழ்த்தி நடக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஓர் அடி ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவள் மீண்டும் உரக்கப் பாடும் நாளில் காடும் பாதுகாப்பாக இருக்கும். புலியும் தன் வழியே விலகிச் செல்லும்.