ஒரே ஆவிக்கு நாலு வேலை

அரவைப் பருவத்தில் கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினால், வழியில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் கொஞ்ச தூரமாவது ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த வண்டிகள் போய்ச் சேருமிடம் குருங்குளம். அங்கே இருக்கும் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை, 1974இல் தொடங்கிய தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டு சனவரி 14இல்தான் எங்கள் புதுக்கோட்டை மாவட்டமும் பிறந்தது. செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடந்த எங்கள் பக்கத்தில் போர்வெல் இறங்கிய இடமெல்லாம் கரும்பு ஏறியதற்கு, பக்கத்திலேயே வாங்க ஓர் ஆலை இருந்தது ஒரு முக்கியக் காரணம். வெட்டு உத்தரவு வந்துவிட்டதா என்று டீக்கடையில் விசாரித்துக்கொள்ளும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்ததுதான்.

சர்க்கரை ஆலை என்றதும் ஊர்க்காரர்கள் மனதில் வருவது கரும்பை நசுக்கும் ரோலர்தான். நான் ஃபிட்டராக இருந்தது அதற்கு அடுத்த பக்கம். கரும்பு சாறாவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அந்தச் சாற்றிலிருந்து தண்ணீரை விரட்டுவதுதான் பெரும்பாடு. ஜூஸ் ஹீட்டர், எவாப்பரேட்டர், பேன் என்று அந்த இயந்திரங்களுக்குப் பெயர் பல. அத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: குழாய்க்கு ஒரு பக்கம் ஆவி, மறுபக்கம் சாறு. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. சூடு மட்டும் கைமாறும். வெப்பப் பரிமாற்றி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆலையில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எவாப்பரேட்டரில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு பாத்திரமும் எங்களுக்குப் 'பாடி'. "ரெண்டாவது பாடி இழுக்கலை" என்றால் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆலை வருவதற்கு முன்னால் கரும்புக் கொல்லையிலேயே கொட்டகை போட்டுக் கொப்பரையில் வெல்லம் காய்ச்சினார்கள். தமிழ்நாட்டில் இது மிகப் பழைய தொழில். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே பாகு காய்ச்சும் ஆலையின் புகை வருகிறது. சாறு பிழியும் எந்திரத்தின் சத்தமும் வருகிறது. சாறு பிழியும் பக்கம் காலத்தோடு கொஞ்சம் மாறியது. பீகாரில் பீஹியா என்ற ஊரில் தாம்சன், மில்ன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 1870களில் செய்து விற்ற இரும்பு உருளை ஆலை நாடு முழுக்கப் பரவி, மரச்செக்கையும் கல்செக்கையும் ஓரங்கட்டியது. அடுப்புப் பக்கம் மட்டும் அப்படியே நின்றது. மண்ணில் தோண்டிய அடுப்பு, மேலே அகன்ற கொப்பரை, கீழே காய்ந்த சக்கை. அவ்வளவுதான் சாமான்.

என் தாத்தா பாகு பார்ப்பதில் பெயர் எடுத்தவர். கொதிக்கும் சாற்றில் சுண்ணாம்புத் தெளிவு விட்டு, வெண்டைத் தண்டை நசுக்கி அதன் கொழகொழப்பைக் கலந்து, மேலே கட்டும் அழுக்கை அரிகரண்டியால் வழித்துப் போடுவார். பாகு இறுகும் நேரத்தில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டால், "இறக்குங்கடா, இன்னும் நின்னா கருகிப்போயிடும்!" என்று ஒரு சத்தம். அவர் விரல் கண்டுபிடித்த அந்தப் பக்குவம் ஏறக்குறைய 118 டிகிரி. தெர்மாமீட்டரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

கொப்பரைக்கு ஒரு பெருங்குறை உண்டு. சாற்றில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிக் கூரை இடுக்கு வழியே வானத்துக்குப் போய்விடும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையைப் பொசுக்குகிறதே, அந்த ஆவிக்குள் அடைபட்டிருக்கும் சூடு சாதாரணமானதல்ல. கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 540 கிலோ கலோரி வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆவதைப் போல அது ஏழெட்டு மடங்கு. சாறு வாங்கிக்கொண்ட சூட்டில் பெரும்பங்கு அந்த வெள்ளைப் புகைக்குள் ஏறி வீணாய்ப் போனது.

கொட்டகையில் இந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஆலையில் முடியாது. நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். பிழியும்போது தெளிக்கும் தண்ணீரையும் சேர்த்து ஏறக்குறைய அதே எடைக்குச் சாறு வரும். அதை 15 பிரிக்ஸிலிருந்து, அதாவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு கரைந்த சத்து என்ற நிலையிலிருந்து, 60 பிரிக்ஸுக்குக் கெட்டியாக்க, ஒரு நாளைக்கு 1,900 டன் அளவுக்குத் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஆவி கொடுத்து ஒரு கிலோ தண்ணீரை விரட்டினால் 1,900 டன் ஆவி ஆகும். ஒரு டன் ஈரச்சக்கை எரித்தால் சுமார் இரண்டு டன் ஆவி கிடைக்கும். ஆக 950 டன் சக்கை வேண்டும். கரும்பில் சக்கை நூற்றுக்கு முப்பது என்று வைத்தால் கையில் இருப்பதோ 750 டன். சிரப் ஆகும் முன்பே விறகு தீர்ந்துவிடும். பிறகு ஆலையை ஓட்ட எதை எரிப்பது?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் 1806இல் பிறந்த நார்பர்ட் ரில்லியூ. தந்தை வெள்ளைக்காரர், தாய் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருப்பினச் சமூகத்தைச் சேர்ந்தவர். பாரிசில் படித்து, ஆவி இயந்திரம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அப்போது லூசியானாவின் கரும்புத் தோட்டங்களில் 'ஜமைக்கா ட்ரெயின்' என்ற முறை நடந்துகொண்டிருந்தது. வரிசையாக நாலைந்து கொப்பரை. கொதிக்கும் சாற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அடிமைகள் அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டும். வெந்து செத்தவர்களும் உடம்பெல்லாம் தீக்காயம் பட்டவர்களும் எத்தனையோ பேர்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோவர்ட் என்பவர் 1812 வாக்கில், மூடிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சிவிட்டால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், கருகாது என்று காட்டியிருந்தார். ரில்லியூ அங்கிருந்து ஓர் எட்டு முன்னே போனார். முதல் பாத்திரத்துச் சாற்றிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல், இரண்டாவது பாத்திரத்தின் குழாய்களுக்கு அனுப்பினார். இரண்டாவதில் அழுத்தம் குறைவு. ஆகவே அந்த ஆவியின் சூடே அதைக் கொதிக்கவைக்கப் போதும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதுக்கு. 1843இலும் 1846இலும் காப்புரிமை வாங்கினார். 1894இல் பாரிசில் இறந்தார். இன்று பால்பவுடர், காகித ஆலைக் கழிவுச்சாறு, கடல்நீரிலிருந்து நன்னீர் என்று எங்கெல்லாம் தண்ணீரை ஆவியாக்கிப் பிரிக்கிறார்களோ அங்கெல்லாம் அவருடைய யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பழகிய எவாப்பரேட்டரின் உடம்பை வடிவமைத்தவர் வேறொருவர். மொராவியாவில் பீட்ரூட் சர்க்கரை ஆலை நடத்திய ஃப்ளோரென்டின் ராபர்ட், 1850 வாக்கில் குழாய்களை நெட்டுக்குத்தலாக நிறுத்தினார். சாறு குழாய்க்குள் கொதித்து மேலேறும். நடுவில் உள்ள பெரிய துவாரம் வழியே கீழிறங்கும். ஆவி குழாய்களைச் சுற்றி வெளியே நிற்கும். 'ராபர்ட் டைப்' என்ற பெயரோடு நம்மூர் ஆலைகளில் நிற்பது அதுதான். மொராவியா பிறகு செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தது. அந்த நாட்டின் ஒத்துழைப்போடுதான் 1965இல் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை திறக்கப்பட்டது. பெல்லைச் சுற்றித் துவாக்குடியிலும் எங்கள் மாவட்டத்து மாத்தூரிலும் பட்டறைகள் முளைத்தன. 1975இல் திருச்சியிலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்களுக்கு ஐடிஐ முடித்ததும் டியூப் வெல்டிங், எக்ஸ்பாண்டிங் என்று ஒரு பிழைப்பு கிடைத்தது இப்படித்தான்.

ஆவியை மிச்சம்பிடித்த இந்தக் கதையில் ஆட்களை மிச்சம்பிடிக்காத பக்கமும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்த 1834க்குப் பின், கரும்புத் தீவுகளுக்கு ஆள் பிடித்தது நம்மூர்களில். மொரீசியசுக்குப் போனார்கள். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குப் போனார்கள். பிறகு பிஜிக்கும் போனார்கள். பாரதியார் பாடி அழுதது அவர்களுக்காகத்தான். பெருந்தோட்டத்துக்கு நடுவில் பெரிய ஆலை என்ற ஏற்பாடே, மலிவான கூலியையும் மிச்சம்பிடித்த ஆவியையும் இரண்டு காலாக ஊன்றி நின்றது.

தமிழ்நாட்டில் பாரி கம்பெனி 1842இலேயே நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்துவிட்டாலும், நாடெங்கும் ஆலைகள் பெருகியது 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான். முப்பது சொச்சமாக இருந்த எண்ணிக்கை சில ஆண்டுகளில் நூற்றைத் தாண்டியது. அந்த அலை எங்கள் பக்கம் வந்து சேர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஆலைக்குள் ஆவி படும் பாட்டைச் சொல்கிறேன். பாய்லரில் பிறந்ததும் முதலில் டர்பைனைச் சுற்றும். அங்கே அடித்துத் துவைத்து வெளியே வரும் மீதி ஆவி, சுமார் 120 டிகிரியில் முதல் பாடிக்குள் நுழைகிறது. அதன் சூட்டை வாங்கிய சாறு 110 டிகிரி சுமாரில் கொதித்துத் தானே ஆவி விடுகிறது. அது இரண்டாவதுக்கு, அப்புறம் மூன்றாவதுக்கு, நாலாவதுக்கு. கடைசிப் பாடியில் 25 அங்குல வேக்குவம்; சாறு 55 டிகிரியிலேயே கொதிக்கும். நாலு பாடி இருந்தால், மேலே போட்ட கணக்கில் 1,900 டன் தண்ணீரை விரட்ட 475 டன் ஆவி போதும். அதற்குச் சக்கை 240 டன். மிச்சச் சக்கையை வைத்து, சிரப்பைச் சர்க்கரையாக்கும் பேன் ஓடும்; இன்னும் மிஞ்சியதில் மின்சாரமே எடுத்து விற்கலாம். சக்கையிலிருந்து கரண்ட் என்று ஆலைகள் பெருமையாகச் சொல்கின்றன. அதைக் கொடுத்தது எவாப்பரேட்டர். பேர் வாங்குவது டர்பைன்.

கடைசி ஆவியைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அமுக்கிவிடும் கண்டன்சர், பத்து மீட்டருக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். வேக்குவத்தால் வெளிக்காற்று தண்ணீரை அந்த அளவுக்கு மேலே தள்ளிவிடும். அதற்கும் உயரமாக இருந்தால்தான் தண்ணீர் பாத்திரத்துக்குள் ஏறாமல் தானாக வழிந்து போகும். எவாப்பரேட்டர் கட்டிடம் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதெல்லாம் குழாய் சுத்தமாக இருக்கும்வரை. சாற்றில் உள்ள சுண்ணாம்பும் மணற்சத்தும் குழாயின் உட்பக்கத்தில் படியும். ஸ்கேல் என்போம். முதல் பாடியில் படிவது நகத்தால் சுரண்டும் பதம். கடைசிப் பாடியில் ஓடு மாதிரி. எஃகை விட இந்தப் படிவு சூட்டைப் பல மடங்கு தடுக்கும். ஆகவே சில வாரத்துக்கு ஒருமுறை அரவையை நிறுத்திக் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, கழுவி, மேன்ஹோலைத் திறப்போம்.

உள்ளே இறங்கினால் காலடியில் வட்டமான இரும்புத் தட்டு. அதில் தேன்கூட்டுக் கண்ணாக ஆயிரக்கணக்கில் துவாரம். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளக் குழாயின் வாய். மோட்டாரோடு சேர்ந்த வளையும் ஷாஃப்டின் நுனியில் பிரஷ் சுழலும். குனிந்தபடி ஒவ்வொரு வாயிலும் விட்டு இழுக்க வேண்டும். முடித்த வரிசைக்குச் சாக்பீஸ் கோடு. வெளிச்சத்துக்கு 24 வோல்ட் கைவிளக்கு. ஈரத்தில் ஷாக் அடிக்கக் கூடாதே. ப்ளோயர் ஓடினாலும் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். கீழே இருப்பவர் டார்ச் பிடித்துக் குழாய் வழியே மேலே பார்த்து, "பளிச்சுன்னு இருக்குண்ணே" என்று சொன்னால்தான் அடுத்த வரிசை.

குழாய் ஒன்று ஓட்டையானால் கண்ணுக்குத் தெரியாது. சாறு கசிந்து, ஆவி குளிர்ந்த தண்ணீரோடு கலந்து பாய்லருக்கே போய்விடும். பாய்லரில் நுரை கட்டினால் ஆபத்து. அதனால் லேப் பையன் அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஆல்பா நாஃப்தால் இரண்டு சொட்டு விட்டு, ஓரமாகக் கந்தக அமிலத்தை வழியவிடுவான். நடுவில் ஊதா வளையம் தெரிந்தால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். உடனே தண்ணீரைத் திருப்பிவிட்டு, எந்தப் பாடி என்று தேடிக்கொண்டு ஓடுவோம். பாகுக்கு என் தாத்தாவின் விரல் எப்படியோ, குழாய்க்கு அந்த ஊதா வளையம்.

இப்போது ரசாயனம் போடாத நாட்டு வெல்லத்துக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. கொப்பரைகள் திரும்ப ஏறுகின்றன. ஆனால் அடுப்பு அந்தப் பழைய அடுப்புத்தான். சக்கை போதாத இடங்களில் விறகு வாங்கி எரிக்கிறார்கள். லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம், புகைபோக்கிக்குப் போகும் வழியில் இரண்டாவது, மூன்றாவது கொப்பரையை வைத்து, போகிற சூட்டில் அடுத்த ஈட்டுச் சாற்றைக் காய்ச்சிக்கொள்ளும் அடுப்புகளை வடிவமைத்திருக்கிறது. வேக்குவமும் வேண்டாம், டர்பைனும் வேண்டாம். ஒரு கொத்தனாரும் கூடுதலாக ஒரு கொப்பரையும் இருந்தால் நடக்கும். வெல்லம் காய்ச்சப் போகும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: பாகின் பக்குவத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அடுப்பைப் போடும்போது ஆலைக்காரனிடம் கேளுங்கள். சூட்டை ஒரே வேலையோடு வெளியே அனுப்பிவிடாதீர்கள்.