படச்சுருளிலிருந்து நரம்புக்கு

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்கும். உட்காதுக்குள் போகும் அதன் மின்முனைகள் பிளாட்டினம். அந்தப் பிளாட்டினத்தின் மேல் பூசுவதற்கென்று ஆய்வுக்கூடங்களில் சோதித்துவரும் கருநீலப் பிளாஸ்டிக்கின் பெயர் பெடாட். அது நரம்புவரை வந்த வழி சுற்றுவழி.

பிளாஸ்டிக்கையும் மின்சாரம் கடத்த வைக்கலாம் என்று 1977இல் காட்டிய ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா மூவரும் 2000இல் நோபல் பெற்றார்கள். பெடாட் பிறந்தது 1980களின் கடைசியில், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில். தனியாக அது எதிலும் கரையாது, பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு பாலிமரோடு சேர்த்ததும் தண்ணீரில் கலந்து, பூசத் தோதானது. ஆக்ஃபா படச்சுருளில் நிலைமின்சாரம் சேர்ந்து படம் கெடாமல் காப்பதுதான் அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று.

உடலுக்குள் அதை இழுத்துவந்தது வேறொரு குணம். உலோகத்தில் ஓடுவது எலக்ட்ரான். நரம்பில் ஓடுவது சோடியம், பொட்டாசியம் அயனிகள். பிளாட்டினத்தில் இரண்டும் மேற்பரப்பில் மட்டுமே சந்திக்கும். பெடாட்டோ ஈரத்தில் ஊறி, அயனிகளைத் தன் உள்வரைக்கும் விடும். அதனால் அதே அளவு முனை பல மடங்கு மின்னூட்டத்தைத் தாங்குகிறது. முனையைச் சிறிதாக்கவும் வழி பிறக்கிறது.

பூசுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். எடாட் என்ற மூலப்பொருள் கலந்த கரைசலில் முனையை முக்கி, மிகச் சிறிய மின்னோட்டம் கொடுப்பார்கள். பளபளத்த உலோகம் நீலம் பாரித்து, பிறகு கறுக்கும். ஓட்டத்தை நிறுத்தினால் வளர்ச்சியும் நிற்கும்; எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்ததோ அதற்கேற்றதே பூச்சின் தடிமன்.

பெடாட் மட்டுமல்ல, வேறு பாலிமர்களையும் நரம்போடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே.எஸ். நாராயண் குழுவினர், ஒளியை உணரும் பாலிமர்ப் படலத்தின் மேல், ஒளியுணர் செல்கள் இன்னும் வளராத கோழிக்கரு விழித்திரையை வைத்தார்கள். ஒளி பட்டதும் நரம்புச் செல்கள் பதில் கொடுத்தன. 2014இல் வெளியான இந்த ஆய்வு நம் பக்கத்தில் இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும். 2023இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் மின்முனையை உடலுக்குள்ளேயே வளர்த்தார்கள்: ஊசியில் செலுத்திய ஜெல்லில் இருந்த நொதிகள், உடலின் சொந்தச் சர்க்கரையைக் கொண்டே ஜீப்ரா மீனின் மூளையிலும் இதயத்திலும் கடத்தும் பாலிமரை உருவாக்கின.

ஆனால் உலோகத்தின் மேல் பூசிய பெடாட் நாளடைவில் உரியக்கூடும். மூன்று வயதில் பொருத்தும் முனை அந்தப் பிள்ளையோடு அறுபது, எழுபது வருஷம் இருக்கவேண்டியது. ஒட்டுப்பிடிப்பைக் கெட்டியாக்கும் வேலைக்குத்தான் இப்போது ஆளும் பணமும் போகவேண்டும். அது முடியாமல் குழந்தையின் காதுக்குள் இதை வைக்க அவசரப்படக்கூடாது.