அப்பாவோடு இரண்டு நாள் ஜார்ஜியன் மதராஸ்

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் மேற்படிப்பு படிக்கும் தோழி ஒருத்தி போன மாசம் சில படங்கள் அனுப்பினாள். பிறை வடிவில் வளைந்து நிற்கும் முப்பது வீடுகள், முகப்பு நெடுக வரிசையாகத் தூண்கள். “ஒரிஜினல் ஜார்ஜியன் சிட்டிடி. மூணு நாள் லீவு போட்டு வா, சுத்திக் காட்டுறேன்” என்று எழுதியிருந்தாள். விசா, விமான டிக்கெட், பவுண்டு விலை எல்லாவற்றையும் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா படத்தை எட்டிப் பார்த்தார். “இது எங்கயோ பாத்த எடம் மாதிரி இருக்கே தாயி” என்றார்.

சிரித்துவிட்டேன். சுந்தரபாண்டியத்தில் பிறந்து, குழித்தறியிலேயே நாற்பது வருஷம் கால் ஓட்டிய மனுஷர் இங்கிலாந்தை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? அப்பா விடவில்லை. “இதே மாதிரி தூணு. ஒசரமான படிக்கட்டு. எம்.ஜி.ஆரைக் கெடத்தியிருந்தாங்கள்ல, அந்த எடம்.”

1987 டிசம்பரில், கல்யாணத்துக்கு முந்தி, அப்பா கூட்டாளிகளோடு லாரி பிடித்து மதராஸ் போனவர். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அவர் சொன்னது ராஜாஜி மண்டபத்தை. விசாரித்துப் பார்த்தால், அப்பா சொன்னது சரி. பாத் நகரின் அந்தப் பிறைவீடுகளும் ராஜாஜி மண்டபமும் ஒரே காலத்து ருசியில் பிறந்தவை. அன்று ராத்திரியே முடிவு செய்தேன். ஜார்ஜியன் நகரம் பார்க்க பவுண்டு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும். இரண்டு நாள், அப்பாவும் நானும்.

‘ஜார்ஜியன்’ என்றதும் நான் முதலில் ஜார்ஜியா நாட்டைத்தான் நினைத்தேன். அது இல்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து நான்கு ஜார்ஜ்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டடக்கலைக்கு அந்தப் பெயர். கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்து எடுத்த தூண்கள், முக்கோண முகப்பு, இடமும் வலமும் தராசு பிடித்த மாதிரி சமம். பாத் நகரின் அந்தப் பிறைவீடுகள், ராயல் கிரசென்ட், 1767க்கும் 1774க்கும் இடையில் எழுந்தவை. அங்கே தேன்நிறக் கல். மதராஸில் அந்தக் கல் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கடற்சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் மாதிரி சாமான்கள் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். பார்த்த வெள்ளைக்காரர்களே சலவைக்கல் என்று நம்பினார்களாம். தேய்த்த கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டை எந்த ராஜாவின் பெயரிலும் இல்லை. 1640 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளையொட்டி வைத்த பெயர் அது. முதல் ஜார்ஜ் முடிசூட அதற்கப்புறம் எழுபத்திச் சொச்சம் வருஷம் ஆயிற்று.

இனி திட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி. குழித்தறி கொடுத்த சம்பளம் அது. போன வருஷம்தான் தறியைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றினார். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்கவில்லை. மாதம் ஜனவரி. வெயில் தணிந்திருக்கும்.

முதல் நாள், சனிக்கிழமை. விடிகாலையில் எழும்பூர். குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1818இல் ஆரம்பித்து 1821இல் திறந்தது. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். வெளியே பார்த்தால் தூணும் நீண்ட கோபுரமும் வைத்த லண்டன் தேவாலயம். உள்ளே போனால் வட்டமான கூடம், மேலே நீல வானம் தீட்டிய குவிமாடம்.

எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. அந்த இடம் சதுப்பு. அஸ்திவாரம் நிற்காது. அதனால் நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை உட்கார வைத்தார்கள். உறைகிணறு இறக்குவது நம்மூர் ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. பாலத்துக்கும் கோயிலுக்கும் செய்ததுதான். மேலே கிரேக்கத் தூண், கீழே நம்ம கிணறு. ஜார்ஜியன் மதராஸை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து சிந்தாதிரிப்பேட்டை. சுற்றுலாப் பட்டியல்களில் இது கண்ணில் படாது. தூணும் கிடையாது, குவிமாடமும் கிடையாது. நெரிசலான தெருக்கள், கடைகள், பின்னால் கூவம். ஆனால் என் திட்டத்தின் நடுத்தூண் இதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் வந்து இறங்கியதே துணிக்காக. இந்தக் கரையில் துணி மலிவாகக் கிடைக்கும் என்றுதான் பிரான்சிஸ் டே 1639இல் இந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தார். நம் அச்சுத்துணி அங்கே அவ்வளவு விற்றது. எவ்வளவு என்றால், சொந்த நெசவாளர்கள் கலகம் செய்ததில் 1721இல் முதலாம் ஜார்ஜின் அரசு, அச்சிட்ட பருத்தித் துணியை பிரிட்டனில் உடுத்தவே தடை போட்டது. கம்பெனி நிறுத்தவில்லை. வேறு நாடுகளுக்கு விற்றது. நம் கட்டம்போட்ட துணிகள் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவரை போயின. அங்கே அடிமை வியாபாரத்தில் மனிதர்களுக்கு விலையாக எண்ணிக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று.

துணி போதவில்லை. 1734இல், இரண்டாம் ஜார்ஜ் காலத்தில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கூவம் ஆற்று வளைவில் ஒரு தோட்டத்தை எடுத்தார். கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து பதவி இழந்த சுங்குராமச் செட்டியின் தோட்டம் அது. அங்கே நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயம் தீட்டுபவர் எல்லோரையும் முன்பணம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “அப்பவும் பாவு குடுத்துக் கூலிதானா?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நூலும் பாவும் முதலாளியுடையது, உடம்பு மட்டும் தறிக்காரனுடையது. முன்பணம் வாங்கியவன் அதை அடைக்கும்வரை வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. அப்பா இந்த வரலாற்றைப் படித்தவர் இல்லை. நாற்பது வருஷம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர். பேட்டையில் இன்று தறிச்சத்தம் கேட்காது. ஆனாலும் அந்தத் தெருவில் அவர் ஒருமுறை நடக்க வேண்டும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கோட்டை. போகிறவர்கள் கவனிக்க: கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை புனித மேரி தேவாலயத்தில் ஆராதனை நேரம். அதனால் முதலில் அருங்காட்சியகம், பிறகு தேவாலயம். அந்தத் தேவாலயம் 1680ஆம் ஆண்டுடையது, ஜார்ஜ்களுக்கு மூத்தது. ராபர்ட் கிளைவ் 1753இல் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான். பின்னாளில் பெரும் பணக்காரராக ஊர் திரும்பி, உடம்பு தேற்ற பாத் நகருக்குப் போனவர் அவர். தோழி அனுப்பிய படங்களுக்கும் இந்த வாசலுக்கும் நடுவில் ஒரு பணப்பாதை உண்டு.

அருங்காட்சியகக் கட்டடம் 1795இல் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் இடமாக முடிக்கப்பட்டது. மறுவருஷம் அதன் மொட்டைமாடியில் எண்ணெய் விளக்குகள் ஏற்றி வைத்தார்கள். மதராஸின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். கப்பல் வருவதும் துணி ஏறுவதும் தெரிய வேண்டுமே. இன்று அதே கட்டடத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி கண்ணாடிக்குள் இருக்கிறது. பட்டுத்துணி. அப்பா அதன் முன்னால் நின்று ஊடையும் பாவும் எண்ணுவார் என்று எனக்குத் தெரியும். அதற்கென்று தனியாக அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

கடைசியாக, பொதிகைக்குத் திரும்பும் முன் சாயங்காலம், ராஜாஜி மண்டபம்.

அதற்குமுன் நம் ஊர்ப்பக்கம் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1798இல் கிஸ்தி பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரச்சொன்னார். போனால் பார்க்க மறுத்தார். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டரின் முகாம் நகர நகர, கட்டபொம்மன் பின்னாலேயே அலைந்தார். நாங்கள் பஸ் மாறுகிற ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்குப் பேட்டி கிடைக்கவில்லை. செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் கிடைத்தது. அங்கே கைகலப்பில் முடிந்தது. மறுவருஷம் அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு.

அப்போது மதராஸின் ஆளுநர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். கயத்தாறு முடிந்த மறுவருஷம், 1800இல், விருந்து வைக்க ஒரு மண்டபம் கட்ட ஆரம்பித்தார். வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். வானாய்வு நிலையத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த வானியலாளர். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். 1802இல் மண்டபம் முடிந்தது. அகலப் படிக்கட்டு, கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள். 1757 பிளாசி, 1799 ஸ்ரீரங்கப்பட்டணம் என்ற இரண்டு வெற்றிகளின் நினைவாக அது எழுந்தது. தெற்கே நடந்ததற்கு அதில் இடமில்லை. பாளையங்களை அடக்கியதை அவர்கள் வெற்றிக் கணக்கில்கூட எழுதவில்லை. வசூல் கணக்கில் எழுதினார்கள்.

1948இல் அது ராஜாஜி மண்டபம் ஆனது. பிறகு நடந்ததைக் கோல்டிங்ஹாம் எந்த நட்சத்திரத்திலும் பார்த்திருக்க முடியாது. 1969இல் அண்ணா, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கலைஞர். விருந்துக்குக் கட்டிய மண்டபத்தின் படிகள் தமிழ்நாடு அழுகிற இடமாகிவிட்டன. உள்ளே நுழையத் தகுதியில்லை என்று யாரை நினைத்துக் கட்டினார்களோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் லட்சக்கணக்கில் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர்.

தோழிக்குப் பதில் எழுதிவிட்டேன், பாத் நகரை நீயே பார்த்துக்கொள் என்று. எங்கள் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. மண்டபத்துக்குள் விடுவார்களா என்று தெரியாது, வெளியில் நின்றாவது பார்த்துவிட்டு வருவோம் என்றேன்.

அப்பா கொஞ்சநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “அன்னைக்குப் படியில ஒரு நிமிஷம் நிக்க விடல. தள்ளிக்கிட்டே இருந்தாங்க. இந்தத் தடவை உக்காரலாம்ல?”

உட்காரலாம்ப்பா. அதற்குத்தான் அந்தச் சாயங்காலம் முழுக்கக் காலியாக வைத்திருக்கிறேன்.